புலி நம்மைப் பார்க்கும் படம்தான் நல்ல படமா?

காட்டுப்பாதை எழுதியது:

புலிப் படம் என்றாலே அது கேமராவை நேராகப் பார்க்க வேண்டும் என்று ஓர் எழுதாத விதி உருவாகிவிட்டது. முறைக்கும் படம் வந்தால் "என்ன பார்வை!" என்று வரிசையாகப் பாராட்டு குவிகிறது. அதே புலி புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி, தூரத்தில் மேயும் மான்மீது கண்ணை வைத்து அசையாமல் நிற்கும் படத்தைப் போட்டால் ஓரிருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நம்மைப் பார்க்கும் புலி, அந்த நொடியில் தன் வேலையை விட்டுவிட்டு நம்மைக் கவனிக்கிறது. பல படங்களில் காதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்: காது மடல் திரும்பி, அதன் பின்பக்கத்து வெள்ளைப் புள்ளி முன்னால் தெரிகிறது என்றால் அந்தப் புலி எரிச்சலில் இருக்கிறது. அதற்கு நாம் வைக்கும் பெயர் கம்பீரம்.

2020இல் 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' பட்டம் வென்ற செர்கேய் கோர்ஷ்கோவின் படத்தை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காட்டில் ஒரு பெண் புலி மரத்தைக் கட்டிப்பிடித்துத் தன் வாசனையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தானியங்கிக் கேமராவை வைத்து 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்து எடுத்த படம். அந்தப் புலி கேமராவைப் பார்க்கவே இல்லை, ஆனால் புலியின் வாழ்க்கையைப் பற்றி அந்த ஒரு படம் சொல்வதை முறைக்கும் படங்கள் எத்தனை சேர்ந்தாலும் சொல்லாது.

புலியின் கண்ணைப் பற்றியே ஓர் இழை ஓடட்டும். அது எப்படிப் பார்க்கிறது, நாம் அதை எப்படி எடுக்கிறோம், எடுத்த பிறகு என்ன செய்கிறோம், எல்லாமே பேசலாம்.

ஒளிக்கீற்று எழுதியது:

அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி மாட்டேன்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியை நோக்கிப் பாதையில் நடந்து வரும் புலி ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும், பிறகு தன் பாட்டுக்கு நடக்கும். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். அதுவும் அதன் இயல்பான நடத்தையில் சேர்ந்ததுதான், அதை எடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாக்கைச் சொடுக்கி, வண்டிக் கதவைத் தட்டி, விசில் அடித்துத் திரும்பிப் பார்க்க வைக்கிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். இந்தியப் புலிக் காப்பகங்களுக்கு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதை அழைக்கவோ கவரவோ கூடாது என்று இருக்கிறது.

ஆனால் பார்வையாளர் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். மனிதன் எந்த முகத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் தேடுவான். புலியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரை ஒரு படத்தின் முன்னால் நிறுத்தி வைப்பது அந்த நேர்ப்பார்வைதான். அதை ஒதுக்கிவிட முடியாது.

வேங்கைநிழல் எழுதியது:

நான் புதியவன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் படங்களில் புலியின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் இருக்கின்றன. உடம்பு நன்றாக இருக்கிறது, கோடுகள் கூர்மையாக இருக்கின்றன, கண்ணில் மட்டும் உயிர் இல்லை. பெரும்பாலும் நண்பகலை ஒட்டிய நேரத்தில் எடுத்தவை. கேமராவில் விலங்குக் கண்ணைத் தேடும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுத்தான் எடுத்தேன்.

மருதம் எழுதியது:

தம்பி, முதலில் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், விலங்கு மருத்துவம் என் தொழில் என்பதால் இதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

வீட்டுப் பூனைக்கு வெயிலில் கண்பாவை செங்குத்துக் கோடாகச் சுருங்கும். புலிக்கு அப்படி இல்லை, நம்மைப் போல வட்டமாகவே சுருங்கும், வட்டமாகவே விரியும். 2015இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பேங்க்ஸ் குழு 214 நிலவாழ் விலங்குகளின் கண்பாவை வடிவத்தை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. தரைக்கு அருகில் கண் இருக்கும், பதுங்கிப் பாயும் சிறிய வேட்டை விலங்குகளுக்குத்தான் செங்குத்துக் கோடு அதிகம். தோள் உயரம் கூடிவிட்டால் அந்தக் கோட்டால் கிடைக்கும் தூரக் கணிப்பு லாபம் குறைந்துவிடுகிறது. அதனால் புலி, சிங்கம் போன்ற உயரமான பூனைகளுக்கு வட்டம்.

படமெடுப்பவருக்கு இதில் என்ன என்றால், வெளிச்சம் அதிகமாக இருந்தால் பாவை சின்னப் புள்ளியாகி, சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் பெரிதாகத் தெரியும். மங்கலான நேரத்தில் பாவை விரிந்து மஞ்சளை விழுங்கிவிடும். விடியற்காலையின் முதல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கண் கறுப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அது பிழையில்லை, அந்த நேரத்துப் புலியின் கண் அப்படித்தான் இருக்கும்.

உங்களுடையது நண்பகல் படம், அதனால் காரணம் வேறு. அதை ஒளிக்கீற்று சொல்வார்.

ஒளிக்கீற்று எழுதியது:

டாக்டர் சொன்னது சரி. வேங்கைநிழல், உங்கள் பிரச்சினை புருவம். புலிக்குக் கண்ணுக்கு மேலே எலும்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். சூரியன் உச்சியில் இருந்தால் அந்த மேட்டின் நிழல் நேராகக் கண்மேல் விழுகிறது. இன்னொன்று, கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு இருக்கிறது பாருங்கள், அது வெயிலில் வெளுத்துப் போய்விடும் என்று நாம் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியின் அளவை, குறைக்கிறோம், உடனே நிழலில் இருக்கும் கண் இன்னும் கறுத்துவிடுகிறது.

கண்ணில் உயிர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கேட்ச்லைட்தான், அதாவது கண்ணின் ஈரமான மேற்பரப்பில் வானம் பிரதிபலிக்கும் அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளி. அது விழ வேண்டுமென்றால் கண்ணுக்கு எதிரே வெளிச்சமான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும் காலையும் மாலையும் இதனால்தான் நல்லது. மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது, வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம், கண்ணில் பெரிய, மென்மையான கேட்ச்லைட் விழும். வெயில் இல்லை என்று பலர் கேமராவை மடியில் வைத்துவிடும் நாட்கள் அவை, எனக்கோ அவைதான் பிடித்தமானவை.

நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் புலியைத் தேடுங்கள். வெயில் நேரத்தில் புலி குட்டையில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழேயிருந்து புருவத்தின் அடியில் நுழைந்து கண்ணை நிரப்பும். வெளிறிய மணல், காய்ந்த புல் எல்லாமே கொஞ்சம் இந்த வேலையைச் செய்யும்.

நெடுங்குழல் எழுதியது:

ஃபோகஸ் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நுழைகிறேன். 600 மி.மீ. லென்ஸ், அதன் ஒளித்துளை எஃப் 4 அளவில், 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள முழுச் சட்டக கேமரா, புலி 10 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து 7 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். வளர்ந்த புலியின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி அதைவிட அதிகம். மூக்கில் ஃபோகஸ் பிடித்தால் கண் போச்சு. அதே புலி 20 மீட்டரில் இருந்தால் இந்த ஆழம் சுமார் 27 சென்டிமீட்டராகிவிடும், தூரம் இருமடங்கானால் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக அந்த 20 மீட்டர் விதி புலிக்கு மட்டும் நல்லதில்லை, படத்துக்கும் நல்லது. கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்குகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

விலங்குக் கண்ணைத் தேடும் வசதி 2019இல் சோனி கேமராக்களில் வந்தது, அப்புறம் கேனன், நிக்கான் எல்லாரும் கொண்டுவந்துவிட்டார்கள். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் புலி அதற்குக் கஷ்டமான முகம். நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள், முன்னால் புல், நடக்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் தலை ஏறி இறங்கும். கண் நிழலில் கறுத்துக் கிடந்தால் ஃபோகஸ் கோட்டுக்குத் தாவிவிடும். சட்டகத்தில் ஒரு சின்னப் பகுதிக்குள் மட்டும் தேடும்படி அமைத்து, அந்தப் பகுதியை நீங்களே முகத்தில் வையுங்கள். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்தான் கூர்மையாக வேண்டும். தூரத்துக் கண் கூர்மையாகி அருகில் இருப்பது மங்கினால் அந்தப் படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

வேங்கைநிழல் எழுதியது:

இது இவ்வளவு தெளிவாக எங்கேயும் கிடைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள். புலிக்கு நிறம் தெரியுமா? நாம் பச்சை, காக்கி உடுத்துவதால் ஏதாவது பயன் உண்டா? இரண்டாவது, இரவில் புலியின் கண் ஒளிரும் படங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

மருதம் எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் லூசிடம் என்ற பளபளப்பான அடுக்கு இருக்கிறது. விழித்திரையில் பிடிபடாமல் நழுவிய ஒளியை அது திருப்பி அனுப்பி, ஒளியுணர் செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறது. அப்போதும் பிடிபடாத மிச்சம் கண் வழியாகவே வெளியே வருகிறது, நாம் பார்க்கும் ஒளிர்வு அதுதான். கண் தானாக எந்த ஒளியையும் உண்டாக்குவதில்லை. வந்த திசையிலேயே திரும்புவதால், விளக்கோ ஃப்ளாஷோ லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒளிர்வு பலமாகத் தெரியும், தள்ளி வைத்தால் குறையும். வீட்டுப் பூனையில் அளந்து பார்த்தபோது, மனிதனுக்குத் தேவையான ஒளியில் சுமார் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும் என்று தெரிந்தது. பெரிய பாவை, மங்கிய ஒளியை உணரும் ராட் செல்கள் நிறைய, இந்த அடுக்கு, மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. இதற்கு அது கொடுக்கும் விலை கூர்மை. சிதறிய ஒளியால் பிம்பம் கொஞ்சம் குழம்புகிறது, நுணுக்கமான விவரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் பூனை நம்மைவிடப் பின்தங்கியதுதான்.

நிறத்துக்கு வருவோம். நமக்கு நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை, பூனைக் குடும்பத்துக்கு அடிப்படையில் இரண்டு. நீலமும் மஞ்சள்-பச்சையும் பிரித்துத் தெரியும், சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரிவது போலத் தெரியாது. மானுக்கும் அப்படித்தான். புலியின் ஆரஞ்சு நமக்குத்தான் கண்ணைப் பறிக்கிறது, மானுக்கு அது சுற்றியிருக்கும் பச்சையோடு கலந்துவிடும் நிறம். 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளை வைத்து இதைக் காட்டினார்கள்.

ஆக உங்கள் உடை காக்கியா, ஆரஞ்சா, பச்சையா என்பதில் புலிக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. பளீர் நீலமும் வெள்ளையும்தான் அதற்குத் தனித்துத் தெரியும். பூனையின் கண்வில்லை புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியையும் உள்ளே விடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது, நம் கண்வில்லை அதைத் தடுத்துவிடுகிறது. ஆனால் இதையெல்லாம்விட முக்கியம் அசைவு. பதுங்கி வேட்டையாடும் விலங்கின் கண் அசைவைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது. எந்த நிறத்தில் உடுத்தினாலும் கையை வீசி நண்பருக்குக் காட்டினீர்கள் என்றால் அத்தோடு முடிந்தது.

காட்டுப்பாதை எழுதியது:

இதைத்தான் நான் முதலில் சொல்ல வந்தேன், டாக்டர் எனக்குப் பலம் சேர்த்துவிட்டார். நாம் எல்லாரும் லென்ஸைத் தூக்கும் அசைவைத்தான் அது பார்க்கிறது. படமெடுக்கும் இடத்தில் முன்கூட்டியே கேமராவை உயர்த்தி, தாங்கியில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தால், புலி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும், அதன் கண் எதைத் தேடுகிறதோ அது படத்தில் வரும். எனக்கு வேண்டியது அந்தப் படம்தான்.

இன்னொரு விஷயம், கண்ணைத் திருத்துவது. மென்பொருளில் இரண்டு கண்களையும் தேர்ந்தெடுத்து மஞ்சளை ஏற்றி, வெளிச்சத்தை ஏற்றி, விளக்கு எரிவது போல ஆக்கிவிடுகிறார்கள். முகம் முழுக்க நிழல், கண் மட்டும் எரிகிறது. டாக்டர் சொன்னபடி பார்த்தால் மங்கிய நேரத்தில் பாவை விரிந்து கறுப்பாக இருக்க வேண்டும். இவர்கள் படத்தில் அந்தி நேரத்தில் புள்ளி போன்ற பாவையும் பொன் வளையமும் இருக்கிறது. ஒன்று, வேறு நேரத்தில் எடுத்துவிட்டு இருட்டாக்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் வரைந்திருக்கிறார்கள்.

ஒளிக்கீற்று எழுதியது:

நிழலைக் கொஞ்சம் தூக்குவதில் தவறில்லை அண்ணா. நம் கண் அந்த இடத்தில் பார்த்ததை சென்சார் பிடிக்கவில்லை, அதைத் திரும்பக் கொண்டுவருகிறோம். கோப்பில் இல்லாததைச் சேர்க்காதவரை எனக்குப் பிரச்சினை இல்லை. இல்லாத கேட்ச்லைட்டைத் தூரிகையால் வைப்பதுதான் எல்லை மீறல். பல போட்டிகள் கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக்கோப்பைக் கேட்கின்றன, அங்கே இது நிற்காது.

நெடுங்குழல் எழுதியது:

ராஜஸ்தானின் ரண்தம்போர் காப்பகத்தில் இருந்த மச்லி என்ற பெண் புலியை நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் இறந்தது, உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட புலிகளில் ஒன்று. முதுமையில் கோரைப் பற்கள் போய், ஒரு கண்ணில் பார்வையும் போய்விட்டது. அந்தக் காலத்துப் படத்தில் இரண்டு கண்ணையும் ஒரே மாதிரி மினுக்கினால் அதன் கதையையே அழித்துவிட்டோம் என்றுதான் பொருள். கண்ணின் காயம், பூ விழுந்தது, ஓரத்தில் தெரியும் மூன்றாம் இமை, ஈ மொய்ப்பது எல்லாம் அந்த விலங்கின் வரலாறு. ஒன்றையும் தொடாதீர்கள்.

மருதம் எழுதியது:

மூன்றாம் இமையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணின் உள் ஓரத்திலிருந்து பாலாடை போல ஒரு படலம் குறுக்கே வரும், கண்ணைத் துடைத்துக் காக்கும் படலம் அது. அரைத்தூக்கத்தில் இருக்கும் புலியில் அது கொஞ்சம் தெரிவது இயல்பு. விழித்து நடமாடும் புலியில் எப்போதும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் உடல்நலக் குறைவாக இருக்கலாம், அந்தப் படத்தை வனத்துறையிடம் காட்டுங்கள், உதவியாக இருக்கும்.

அப்புறம் வெள்ளைப் புலி. நீலக் கண் அழகு என்று படம் போடுகிறார்கள். நிறமி குறைந்ததால் வந்த நீலம் அது. அந்த மரபணு மாற்றத்தோடு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையும் பிசகுகிறது என்று 1973லேயே கில்லரியும் காஸும் காட்டினார்கள், சயாமியப் பூனையில் காணும் அதே கோளாறு. மாறுகண் அதன் விளைவு. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியை வைத்து நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்துப் பெருக்கிய வம்சம்தான் இன்று காட்சிசாலைகளில் நாம் பார்க்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பகுதி. படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கண்ணை அரிய அழகு என்று எழுதும்போது எனக்கு வலிக்கிறது.

வேங்கைநிழல் எழுதியது:

டாக்டர், தானியங்கிக் கேமராக்களின் ஃப்ளாஷ் புலியின் கண்ணைப் பாதிக்காதா? புலிக் கணக்கெடுப்பில் இவ்வளவு கேமராக்கள் வைக்கிறார்களே.

மருதம் எழுதியது:

ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் அடிக்கும் வெளிச்சம் அது. விழித்திரைக்கு நிரந்தரக் கேடு வரும் என்று சொல்ல ஆதாரம் நான் பார்த்ததில்லை. ஆனால் புலிக்கு அது தெரியும், சில புலிகள் திடுக்கிடும், சில அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

நெடுங்குழல் எழுதியது:

1920களில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் கம்பி கட்டி, புலியே மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்த காலத்திலிருந்தே இந்த ஃப்ளாஷ் இருக்கிறது. கணக்கெடுப்பில் ஒவ்வொரு புலியையும் கோட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள், கோடு தெளிவாக விழ வெள்ளை ஃப்ளாஷ் உதவுகிறது. இந்தியாவின் 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 2,461 புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். அது அறிவியலுக்காகச் செய்யும் வேலை, அதற்கு அனுமதியும் முறையும் உண்டு. நாம் வண்டியில் உட்கார்ந்து ஃப்ளாஷ் அடிப்பதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமராக்களில் புலி திடுக்கிடுவது குறைவு, ஆனால் படத்தில் கண் வெறும் வெள்ளை வட்டமாகத்தான் விழும், கண்ணழகை அங்கே தேட வேண்டாம்.

மூங்கில்தோப்பு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேர்ப்பார்வை பற்றி ஒன்று. புலிக்கு நம் கண் எங்கே பார்க்கிறது என்பது முக்கியம். சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் மீன் பிடிக்கவும் போகிறவர்கள் 1986 முதல் தலையின் பின்பக்கம் மனித முகமூடி அணிந்து பார்த்தார்கள். புலி பின்னாலிருந்துதான் பாயும், முகம் தன்னைப் பார்க்கிறது என்று நினைத்தால் தயங்கும் என்பது யோசனை. தொடக்க ஆண்டுகளில் முகமூடி அணிந்தவர்கள்மேல் புலி பாயவில்லை. போட்ஸ்வானாவில் மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்து நான்கு ஆண்டு சோதித்தார்கள், 2020இல் முடிவு வந்தது, கண் வரைந்த மாடுகளில் ஒன்றைக்கூட சிங்கம் கொல்லவில்லை, ஒன்றும் வரையாத மாடுகளில் 15 போயின.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் லென்ஸின் முன்பக்கமும் பெரிய வட்டமான, பளபளக்கும் ஒரு கண் போலத்தான் இருக்கிறது. புலி அதை அப்படி எடுத்துக்கொள்கிறதா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் புலி முறைத்துவிட்டுக் காதைத் திருப்பியது என்றால் லென்ஸைத் தாழ்த்திவிடுவது என் வழக்கம். எத்தனையோ முறை அதற்குப் பிறகு அது அமைதியாகி, தன் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. காட்டுப்பாதை அண்ணா கேட்கும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

காட்டுப்பாதை எழுதியது:

அக்கா, இதை எல்லாரும் படிக்க வேண்டும். ஒரு யோசனை: இனி இங்கே புலிப் படம் போடும்போது, லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ எழுதுவது போல, புலி எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு வரியும், எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று ஒரு வரியும் எழுதலாமா?

ஒளிக்கீற்று எழுதியது:

தூரம் கட்டாயம் எழுதலாம், நானே நாளைக்குப் போடும் படத்திலிருந்து தொடங்குகிறேன். பார்வையைப் பொறுத்தவரை, தெரிந்தவர்கள் மட்டும் எழுதட்டும். தெரியாதவர்களையும் எழுதச் சொன்னால் மானும் குட்டியும் வைத்துக் கதை கட்டிவிடுவார்கள், கண்ணில் மஞ்சள் ஏற்றுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.